ஓடு சொல்லாத குடும்பம்

ஆமை என்றதும் நம் கண்முன் வருவது ஓடு. மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து வெளியே வருவதும் பெரும்பாலும் ஓடுதான். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, அழிந்துபோன நன்னீர் ஆமைகளைப் பற்றிய பேச்சில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ஓட்டைப் பார்த்தால் அது எந்தக் குடும்பத்து ஆமை என்று சொல்லிவிடலாம். ஓட்டில் தெளிவு இல்லையென்றால் அது கிடைத்த ஊரையும், அந்தப் பக்கத்தில் இன்று வாழும் ஆமைகளையும் வைத்துச் சொல்லிவிடலாம் என்பது அந்த நம்பிக்கை. இந்தியாவின் கிரெட்டேசியஸ் கால நன்னீர் ஆமைகளைப் பொறுத்தவரை இது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த ஆமைகளின் குடும்பத்தைத் தீர்மானிக்கும் சான்று மண்டையோட்டில் இருக்கிறது. மண்டையோட்டிலும் காதைச் சுற்றியுள்ள சில சிறிய எலும்புகளில் இருக்கிறது. அது கையில் இல்லாதபோது குடும்பப் பெயர் சூட்டினால், ஊகத்துக்கு லத்தீன் பெயர் வைத்ததாகத்தான் ஆகும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்திய ஆமைப் புதைபடிவங்களின் பெயர்கள் மாறிமாறி வந்ததற்கும், அந்தப் பெயர்களை நம்பிச் சொல்லப்பட்ட நிலவியல் வரலாறுகள் ஒவ்வொன்றாகக் குலைந்ததற்கும் இந்த அவசரம்தான் முதற்காரணம்.

பேச்சுக்குரிய குடும்பத்தின் பெயர் போத்ரெமிடிடே. கழுத்தை மடிக்கும் முறையை வைத்து ஆமைகளில் இரண்டு பெரும்பிரிவுகள் உண்டு. நம் ஏரி, குளம், ஆறுகளுக்கு உரிய ஆமைகள் எல்லாம் கழுத்தை மேலும் கீழுமாக வளைத்துத் தலையை நேராக உள்ளே இழுத்துக்கொள்பவை. மற்ற பிரிவைச் சேர்ந்தவை கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்கு அடியில் தலையை ஒடுக்கிக்கொள்ளும் பக்கக்கழுத்து ஆமைகள். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, நியூகினி ஆகிய நிலங்களில் இவை இன்றும் வாழ்கின்றன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தன. போத்ரெமிடிடே அந்தப் பிரிவில் அடங்கி, முற்றாக அழிந்துபோன குடும்பம். 1865இல் ஜோசப் லெய்டி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிடைத்த ஓர் ஆமைக்கு போத்ரெமிஸ் குக்கி என்று பெயரிட்டார். அதன் தாடையின் அரைக்கும் பரப்பில் ஆழமான குழிகள் உண்டு. பெயருக்கும் குழி ஆமை என்றே பொருள். 1891இல் ஜார்ஜ் பவுர் அதற்கெனத் தனிக் குடும்பம் வகுத்தார். ஆனால் அந்தத் தனிக் குடும்பம் நெடுங்காலம் எடுபடவில்லை. 1968இல் யூஜின் காஃப்னியும் ரெய்னர் சாங்கர்லும் போத்ரெமிஸை மறுஆய்வு செய்தபோதுகூட அதைப் பெலோமெடூசிடே என்ற பெரிய குடும்பத்துக்குள்தான் வைத்தார்கள். பக்கக்கழுத்து ஆமைகளில் கேலிடே குடும்பத்தில் சேராத எல்லாவற்றையும் போட்டுவைக்கும் பொதுப் பெட்டியாக அன்று பெலோமெடூசிடே இருந்தது. பின்னால் வரும் குழப்பத்தில் பாதி அந்தப் பெட்டிக்குள் தொடங்கியது.

முதலில் மும்பையை எடுத்துக்கொள்வோம். டெக்கான் எரிமலைக் குழம்பு அலையலையாக வழிந்து உறைந்த காலத்தில், ஒரு வழிவுக்கும் அடுத்த வழிவுக்கும் இடையே நீர்நிலைகள் தோன்றி மறைந்தன. அவற்றின் சேறு இறுகிய அடுக்குகளில் தவளைகளும் ஆமைகளும் புதைந்து கிடந்தன. அங்கே கிடைத்த ஓர் ஆமையை 1852இல் ஹென்றி ஜான் கார்ட்டர் டெஸ்டூடோ லெய்தியை என்று பதிவு செய்தார். 1871இல் ஜான் எட்வர்ட் கிரே அதை ஹைட்ராஸ்பிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். ஹைட்ராஸ்பிஸ் தென் அமெரிக்க ஆமைகளுக்கு வைத்த பெயர். கேலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கேலிட் ஆமைகள் இன்று தென் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியா, நியூகினி பகுதியிலும் தவிர வேறெங்கும் இல்லை. ஒரு மும்பை ஆமைக்கு அந்தப் பெயர் ஒட்டியதும், இந்தியாவிலும் கேலிட்கள் வாழ்ந்தன என்ற பெரிய செய்தி அந்தப் பெயரோடு சேர்ந்தே பிறந்துவிட்டது. அதைக் கலைக்க 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1953இல் எர்னஸ்ட் வில்லியம்ஸ் அந்த ஆமை கேலிட் அல்ல, பெலோமெடூசிட் என்று காட்டி, கார்ட்டரின் நினைவாக கார்ட்டெரெமிஸ் என்ற புதிய பேரினத்தை வகுத்தார். கல்லில் எதுவும் மாறவில்லை. நில ஆமைகளின் பேரினத்தில் தொடங்கி, தென் அமெரிக்கக் குடும்பத்துக்குப் போய், கடைசியில் ஆப்பிரிக்காவில் வேர்கொண்ட குடும்பத்துக்கு அதே உயிர் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் இந்தியாவின் பழைய உறவு எந்தக் கண்டத்தோடு என்ற விடையும் மாறியது. வகைப்பாடு என்பது அலமாரியில் அட்டை ஒட்டும் வேலைதானே என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரலாற்றைப் படித்தால் போதும்.

அடுத்தது பிஸ்துரா. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் உள்ள அந்தச் சிற்றூரைச் சுற்றி லமேட்டா படிவுகள் வெளித்தெரிகின்றன. டைனோசர் எலும்புகளோடு அங்கே ஓர் ஆமையின் மண்டையோடும் கிடைத்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த சோஹன் லால் ஜெயின் 1977இல் அதற்கு கார்ட்டெரெமிஸ் பிஸ்துரென்சிஸ் என்று பெயரிட்டார். அதாவது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மும்பையில் கிடைத்த பழைய ஆமைக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்ற தீர்ப்பு அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. 1986இல் அவரே அதை ஷ்வெபோயெமிஸ் பேரினத்துக்கு மாற்றினார். ஷ்வெபோயெமிஸ் 1939இல் மியான்மரிலிருந்து விவரிக்கப்பட்ட ஆமை. பொடோக்னெமிடிடே என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. கிரெட்டேசியஸ் முடிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து வாழ்ந்தது. இந்தப் பெயர் மாற்றத்தின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். டைனோசர்களோடு நடு இந்தியாவில் வாழ்ந்த ஒரு வம்சம், பேரழிவைத் தாண்டி, அண்மைக் காலம்வரை தெற்காசியாவிலேயே நீடித்தது என்ற வரலாறு அந்த ஒற்றைப் பெயரில் சுருண்டு கிடந்தது. கேட்க அழகான வரலாறு. 2020இல் வால்டர் ஜாய்ஸும் சஸ்வதி பந்தியோபாத்யாயும் அதே ஆமையைத் திரும்பவும் ஆராய்ந்து, அது பொடோக்னெமிடிட் அல்ல, போத்ரெமிடிட் என்று முடிவு செய்தார்கள். ஜெயினைச் சிறப்பிக்கும் வகையில் ஜைனெமிஸ் என்ற புதிய பேரினம் வந்தது. மியான்மரோடு இருந்த இழை அத்தோடு அறுந்தது.

இந்த 2020 முடிவை எட்ட உதவியது எது? அதற்கு அரியலூர் மாவட்டத்துக்கு வர வேண்டும். கல்லமேடு என்ற பெயரைத் தொல்லுயிரியல் ஆர்வலர்கள் பெரும்பாலும் புருகத்காயோசாரஸ் என்ற பிரம்மாண்ட டைனோசரோடு சேர்த்தே அறிவார்கள். அதன் எலும்புகள் காப்பாற்ற முடியாமல் உதிர்ந்துபோயின. இன்று அந்த உயிரைப் பற்றிய வாதம் படங்களையும் அளவுகளையும் நம்பி நடக்கிறது. அதே கல்லமேடு படிவு தந்த ஆமைக்கு அந்தப் புகழில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பது எனக்கு ஆற்றாமை தரும் விஷயம். ஏனென்றால் அறிவியலுக்கு உறுதியான சான்றைத் தந்தது அந்த ஆமைதான். 2001இல் காஃப்னி, சங்கர் சாட்டர்ஜி, தீரஜ் ருத்ரா ஆகியோர் அதை கூர்மடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று விவரித்தார்கள். கூர்ம அவதாரத்தின் பெயர் பேரினத்தில், ஊரின் பெயர் சிற்றினத்தில். மணலும் களிமண்ணுமாக ஆறு கொண்டுவந்து சேர்த்த படிவிலிருந்து ஓடுகள் மட்டுமல்லாமல் நன்றாகப் பாதுகாக்கப்பட்ட மண்டையோடும் கிடைத்ததுதான் திருப்புமுனை. 2003இல் மும்பை அம்போலிக் குன்றின் எரிமலை இடைப்படிவிலிருந்து சங்குச்செமிஸ் சேத்னாய் வந்தது. 2009இல் மடகாஸ்கரின் மயேவரானோ படிவிலிருந்து கின்கோனிகெலிஸ் ரோஜர்ஸி வந்தது. இவையும் மண்டையோட்டை வைத்தே விவரிக்கப்பட்டவை. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2006இல் வெளியிட்ட, கிட்டத்தட்ட 700 பக்கம் கொண்ட பெரும் ஆய்வில் காஃப்னி, ஹையான் டோங், பீட்டர் மெய்லன் மூவரும் இந்திய ஆமைகளுக்கு போத்ரெமிடிடேவுக்குள் தனிக் கிளையே வகுத்து, அதற்குக் கூர்மடெமிஸின் பெயரைச் சூட்டினார்கள். கின்கோனிகெலிஸும் ஜைனெமிஸும் பின்னர் அதே கிளையில் சேர்ந்தன.

காதில் அப்படி என்ன இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆமையின் தலையில் காது மடல் இல்லை. தலையின் பக்கவாட்டில், தாடை மூட்டுக்குச் சற்று மேலே, புனல் போலக் குழிந்த ஓர் எலும்பு இருக்கிறது. அதைக் குவாட்ரேட் என்பார்கள். புனலின் அகன்ற வாயில் செவிப்பறை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து ஊசி போன்ற ஒற்றை எலும்பு, குவாட்ரேட்டின் பின்புறத்தில் உள்ள ஒரு பிளவின் வழியே உட்காதுக்குப் போய் ஒலியின் அதிர்வைச் சேர்க்கிறது. நடுக்காதிலிருந்து தொண்டைக்கு இறங்கும் காற்றுக்குழாயும் அந்தப் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். பொடோக்னெமிடிட்களில் ஊசி எலும்பும் காற்றுக்குழாயும் ஒரே பிளவைப் பகிர்ந்துகொள்கின்றன. போத்ரெமிடிட்களில் இரண்டுக்கும் நடுவே எலும்புத் தடுப்பு எழும்பியிருக்கும், அல்லது மெல்லிய கீறல் மட்டும் விட்டுப் பிரிந்திருக்கும். இன்னொன்று: மண்டையோட்டைப் பின்புறமாகத் திருப்பினால், தண்டுவடம் வெளியேறும் துளையின் இரு பக்கங்களிலும் உள்ள எலும்புகள் போத்ரெமிடிட்களில் அகலமாக விரிந்து குவாட்ரேட்டையே தொடுகின்றன. பொடோக்னெமிடிட்களுக்கும் அவர்களுக்கே உரிய முத்திரை ஒன்று உண்டு: மண்டையோட்டின் அடிப்பகுதியில் தலைக்குப் போகும் தமனியின் வழி விரிந்து ஒரு குகையாகி, அதன்மேல் எலும்புத் தகடு கூரை போல் மூடியிருக்கும். கூர்மடெமிஸில் அந்தக் குகை இல்லை. இவை விரல்நுனி அளவுள்ள இடத்தில் நடக்கும் வேறுபாடுகள். ஒட்டிய பாறைத்துகளை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் ஒவ்வொரு மணலாக நீக்கினால்தான் கண்ணுக்குப் புலப்படும். ஆனால் புலப்பட்டுவிட்டால் அவை தெளிவாகப் பேசுகின்றன.

காது எலும்புக்கு இவ்வளவு எடை கொடுப்பது ஏன் என்று கேட்கலாம். ஓட்டில் ஒரு கோடு, காதில் ஒரு தடுப்பு, இரண்டும் உடலின் பகுதிகள்தாமே? விடை, எந்தப் பகுதி எதற்கு வளைந்துகொடுக்கிறது என்பதில் இருக்கிறது. ஓடு வெளி உலகத்தோடு நேரடியாக மோதும் உறுப்பு. ஓடும் நீரில் நீந்த வேண்டிய ஆமைக்குத் தட்டையான ஓடு தேவை. முதலையின் கடிக்கு ஈடுகொடுக்க வேண்டியதற்குக் கனமான, கவிந்த ஓடு தேவை. வேறு வேறு குடும்பங்கள் ஒரே தேவைக்கு ஒரே வடிவத்தை எட்டுவது ஆமைகளில் வாடிக்கை. வயது ஏற ஏற ஓட்டின் வடிவம் மாறுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே சிற்றினத்திலேயே வேறுபடுகின்றன. மண்டையோட்டிலும் இப்படி வளைந்துகொடுக்கும் இடம் உண்டு, அது தாடை. போத்ரெமிடிடே குடும்பத்திலேயே இதைக் காணலாம். போத்ரெமிஸின் தாடையில் ஓடுள்ள இரையை நொறுக்கும் குழிகள். மொராக்கோவின் பாஸ்பேட் படிவில் கிடைத்த லாப்ரோஸ்டோகெலிஸுக்கு நீண்டு ஒடுங்கிய மூஞ்சி. தாடையை வைத்துப் பிரித்தால் இவை இரண்டும் எட்டாத தூரத்தில் நிற்கும். காதைப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்துக்கு வந்து சேர்கின்றன. உணவு மாறினாலும், நீர் உப்பானாலும் நன்னீரானாலும், கண்டம் மாறினாலும் மாறாமல் நின்ற இடம் அது. ஆகவே நான் மண்டையோடு முழுவதற்கும் வக்காலத்து வாங்கவில்லை. மண்டையோட்டுக்குள்ளேயே எந்த எலும்பை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. மும்பை ஆமை கேலிட் அல்ல என்பதைக் காட்ட ஓடே உதவக்கூடியதுதானே என்று அவர்கள் கேட்பார்கள். உண்மை. கேலிட் அல்லாத பக்கக்கழுத்து ஆமைகளான பெலோமெடூசாய்டிஸ் கூட்டத்துக்கு அடியோட்டின் இரு ஓரங்களிலும் நடுத்தகடு என்ற கூடுதல் எலும்பு ஒன்று உண்டு. கேலிட்களுக்கு அது இல்லை. இடுப்பெலும்பு ஓட்டோடு தைத்தாற்போல் பிணைந்திருப்பதை வைத்துப் பக்கக்கழுத்து ஆமை என்பதையும் உறுதிசெய்யலாம். ஓட்டுக்கு இவ்வளவு சொல்லும் திறன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடுத்தகடு பொடோக்னெமிடிட்களுக்கும் உண்டு, போத்ரெமிடிட்களுக்கும் உண்டு, இன்றுள்ள ஆப்பிரிக்கப் பெலோமெடூசிட்களுக்கும் உண்டு. கேலிட்களை வெளியேற்றிய பிறகு, மீதமுள்ள வீட்டுக்குள் யார் எந்த அறைக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்தத் தகடு வாய் திறப்பதில்லை. ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்ன சாட்சியை, அவர் பார்த்தே இராத நிகழ்ச்சிக்கும் சாட்சியாக அழைக்க முடியாது. சில போத்ரெமிடிட்களின் ஓட்டில் தனித்த மேற்பரப்புப் பொறிப்பு இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டாஃப்ரோஸ்ஃபிஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்படி அடையாளம் தெரிந்த ஓடும், மண்டையோட்டோடு சேர்ந்து கிடைத்த ஓடும் நம்பத்தக்கவையே. உள்ளங்கை அகலத்துக்கு உடைந்து வந்த வழவழப்பான ஓட்டுத்துண்டு அந்த வரிசையில் சேராது.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதமும் இருக்கிறது. பிஸ்துராவில் கிடைத்தது மண்டையோடுதானே? அது கையில் இருந்தும் 40 ஆண்டுகளுக்கு மேல் தவறான குடும்பத்தில் கிடந்ததே. மண்டையோடும் ஏமாற்றும் என்பதற்கு உங்கள் சான்றே போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆண்டுகளில் என்ன மாறியது என்று பார்த்தால் விடை கிடைக்கும். 1977இல் ஜெயின் எழுதியபோது அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு போத்ரெமிடிட் மண்டையோடுகூட இல்லை. போத்ரெமிடிடே என்ற குடும்பமே பொதுப் புழக்கத்தில் இல்லை; எல்லாம் பெலோமெடூசிடே பெட்டிக்குள் கலந்து கிடந்தன. அந்த நிலையில் தெரிந்த பேரினங்களில் நெருக்கமாகத் தோன்றியதை அவர் தேர்ந்தெடுத்தார். அதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று அந்த ஊர் ஆமையைப் பொருட்படுத்திப் படித்து அச்சில் ஏற்றியவர் அவர். கூர்மடெமிஸ், சங்குச்செமிஸ், கின்கோனிகெலிஸ் மூன்றும் வந்த பிறகு, எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்த்தபோது பிஸ்துரா மண்டையோடு தன் குடும்பத்தைச் சொல்லிவிட்டது. தவறு திருத்தப்பட்டதே மண்டையோடு இருந்ததால்தான். அந்த இடத்தில் வெறும் ஓடு மட்டும் கிடைத்திருந்தால், திருத்துவதற்கு எதைத் திரும்பிப் பார்ப்பது? மியான்மர் உறவு இன்றும் நூல்களில் உறுதியாக நின்றுகொண்டிருக்கும்.

இனி ஊரை வைத்து உறவு சொல்லும் பாதி. இதற்கு மடகாஸ்கரே பாடம். அந்தத் தீவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் எரிம்னோகெலிஸ் என்ற பக்கக்கழுத்து ஆமை இன்றும் வாழ்கிறது. அது பொடோக்னெமிடிடே குடும்பம். அதன் நெருங்கிய உறவினர்கள் தென் அமெரிக்காவில் இருக்கிறார்கள். வரைபடத்தை விரித்துவைத்து யோசிப்பவருக்கு, இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தவை, ஆகவே கல்லமேட்டு ஆமை இந்த எரிம்னோகெலிஸின் முன்னோர் வழி உறவாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் காது எலும்புகள் அதை மறுக்கின்றன. கல்லமேட்டு ஆமைக்கு மடகாஸ்கரில் உறவு உண்டுதான். அந்த உறவு இன்று நீந்திக்கொண்டிருக்கும் ஆமை அல்ல, டைனோசர் காலத்தோடு அங்கே மண்ணுக்குள் போன கின்கோனிகெலிஸ். நாடு சரியாக இருந்தும் குடும்பம் தவறாகப் போயிருக்கும். ஒரே ஊரில் கிடைத்தவை ஒரே குடும்பமாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் நிற்காது. மடகாஸ்கரில் இன்று எரிம்னோகெலிஸோடு பெலோமெடூசிடே குடும்பத்து ஆமைகளும் வாழ்கின்றன. மொராக்கோவின் கெம் கெம் ஆற்றுப் படிவில் போத்ரெமிடிட்டான காலியனெமிஸ் கிடைக்கிறது. யூராக்ஸெமிடிடே குடும்பத்தின் டிர்காதிம் கிடைக்கிறது. பொடோக்னெமிடிட்களுக்கு நெருங்கிய ஹமடாகெலிஸும் கிடைக்கிறது. ஓர் ஆற்றங்கரை, மூன்று வம்சங்கள். அம்போலியில் கிடைத்த சங்குச்செமிஸும் கார்ட்டரின் பழைய மும்பை ஆமையும் ஒன்றுதான் என்று சொல்லிவிட ஆசைப்படுகிறவர்கள் கெம் கெமை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கலாம். அப்படி நிறுவப்பட்டால் பெயரிடல் விதிப்படி மூத்த பெயரே நிலைக்கும். ஆனால் ஓட்டையும் காதுப்பகுதியையும் ஒரே உடலில் இணைத்துக் காட்டும் மாதிரி இல்லாமல் அதை நிறுவ வழியில்லை.

வாழ்விடத்தை வைத்து வகைப்படுத்தும் வழக்கமும் இதே தவறின் இன்னொரு முகம். போத்ரெமிடிட்கள் கடலோரம் வாழ்ந்தவை, உப்புநீரைத் தாங்கியவை, எனவே கடலைத் தாண்டி எங்கும் போயிருக்கலாம். இந்திய ஆமைக்கும் மடகாஸ்கர் ஆமைக்கும் உள்ள உறவிலிருந்து எதையும் கற்க முடியாது என்பார்கள். நியூ ஜெர்சியின் போத்ரெமிஸ், மொராக்கோ பாஸ்பேட் படிவுகளின் ஆமைகள் எல்லாம் கடற்படிவில் கிடைத்தவை என்பது உண்மை. ஆனால் அதே போத்ரெமிஸின் கிளைக்குள்தான் தென் பிரான்சின் நன்னீர்ப் படிவுகளில் கிடைத்த ஃபாக்ஸெமிஸும் பாலிஸ்டெர்னானும் அடங்குகின்றன. ஒரே கிளைக்குள் கடலும் ஆறும் கலந்திருக்கும்போது, குடும்பத்தின் பெயரைக் கேட்டவுடன் உப்புநீர் என்று எழுதிவிட முடியாது. கூர்மடெமிஸின் கிளையைத் தனியாக எடுத்துப் பார்த்தால், கல்லமேட்டில் ஆறு, அம்போலியில் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே நன்னீர்நிலை, பிஸ்துராவில் லமேட்டாவின் நன்னீர், மயேவரானோவில் ஆறு. நால்வரும் நன்னீர்ப் படிவில் கிடைத்தவர்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த ஆமைகள் வாழ்ந்தது 7.2 கோடிக்கும் 6.6 கோடிக்கும் இடைப்பட்ட காலம். பிரிவதற்கு முன்பே இரு நிலங்களிலும் இருந்த வம்சத்தின் மிச்சமா, பிரிந்த பின் நீரைக் கடந்து வந்தவர்களா என்பது திறந்திருக்கும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே, முதலில் இவை உறவினர்கள் என்பது வரைபடத்தின் துணையில்லாமல் நிறுவப்பட்டிருக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து உறவு சொல்லிவிட்டு, அந்த உறவைக் காட்டி வரைபடத்தை நிரூபிப்பது செக்குமாடு சுற்றுவதைப் போன்றது. எவ்வளவு நடந்தாலும் இடம் மாறாது. காதுப்பகுதி இந்தச் சுற்றை உடைக்கிறது, ஏனென்றால் அந்த எலும்புத் தடுப்புக்கு எந்தக் கண்டம் எங்கே இருந்தது என்பது தெரியாது.

கடைசியாக ஒரு நடைமுறைக் கவலை. இப்படிக் கறாராக இருந்தால், நம் அருங்காட்சியகங்களில் உள்ள பாதி ஆமைப் புதைபடிவங்கள் பெயரிழந்து நிற்குமே, பெயரில்லாத கல்லை யார் வந்து பார்ப்பார்கள், பெயரில்லாத ஊரை யார் காப்பார்கள் என்கிறார்கள். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். கல்லமேடு போன்ற இடங்கள் காக்கப்பட வேண்டும் என்ற அக்கறையிலிருந்து அது வருகிறது. ஆனால் பெயரிழப்பது ஒன்றுமில்லை. சான்று போகும் தூரம்வரை பெயர் போகட்டும், அதற்குமேல் நிற்கட்டும் என்பதே கோரிக்கை. பக்கக்கழுத்து ஆமைகளின் பெருங்கூட்டமான பெலோமெடூசாய்டிஸ் வரை ஓடு அழைத்துப் போகிறது என்றால் அதுவரை எழுதலாம். அதுவும் உயர்ந்த தகவல்தான், இந்தியாவில் இன்று அற்றுப்போன ஒரு பெரும்பிரிவு இங்கே வாழ்ந்ததற்கான அழியாச் சாட்சி. தளத்தில் வேலை செய்பவர்களின் கண்ணும் இதனால் மாறும். மழை கழுவிய தரையில் ஓட்டுத்துண்டுகள் பளிச்சென்று தெரியும், பொறுக்குவதும் எளிது. மண்டையோட்டின் மெல்லிய எலும்புகள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். சலித்துத்தான் எடுக்க வேண்டும். குடும்பத்தை ஓடே சொல்லிவிடும் என்று நம்புகிறவர் துண்டுகளோடு திரும்பிவிடுவார். காது வேண்டும் என்று அறிந்தவர் சல்லடையோடு இன்னொரு நாள் தங்குவார். அதுவரை மும்பை இடைப்படிவிலிருந்து வரும் ஓட்டுத்துண்டுக்கான அட்டையில் எழுத வேண்டியது இவ்வளவே: பக்கக்கழுத்து ஆமை, பெலோமெடூசாய்டிஸ், நன்னீர்ப் படிவு, குடும்பம் தீர்மானிக்கப்படவில்லை.